தீப்புண் தழும்பை இளக்கும் "லேசர்" ஒளி!

மடங்காத விரலுக்குப் புது சிகிச்சை

விருதுநகரை அடுத்த ஊர் சூலக்கரை. அங்கிருந்து சாத்தூர், சிவகாசிப் பக்கம் போனால் பட்டாசு ஆலைகள் நிறைந்த வட்டாரம்.

பட்டாசு, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. விபத்து நேர்ந்தால் உயிரையும் வாங்கிவிடுகிறது.

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 35 பேருக்கு மேல் மாண்டார்கள். பலர் தீக்காயம் அடைந்தார்கள்.

இத்தகைய விபத்தில் பிழைத்தவர்களுக்கும் தொல்லை தீர்வதில்லை. புண் ஆறிவிடும். ஆனால் தழும்பு தடிக்கும், இறுகும், அரிக்கும். மூட்டின் மேல் உள்ள தழும்பு விரலை மடக்க விடாது.

கையை நம்பிப் பிழைப்பவருக்கு விரல் மடங்காவிட்டால் வேலை ஏது?

இந்தத் தழும்பை இளக்க இப்போது "லேசர்" பயன்படுகிறது.

கண்டுபிடித்தவர்கள்

லேசர் என்பது சிதறாமல் நேராகப் பாயும் ஒளி. அமெரிக்க விஞ்ஞானி மைமன் 1960-ல் அதை முதன்முதலாகச் செய்து காட்டினார்.

1964-ல் கரியமில வாயுவைக் கொண்டு லேசர் உண்டாக்கியவர் குமார் பட்டேல். இவர் மராட்டிய மாநிலம் பாராமதியில் பிறந்தவர்!

இந்த லேசர் ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நம் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆகவே ஒளி பட்ட இடம் நொடியில் ஆவியாகிவிடும்.

முதலில் தோலின் மேற்பரப்பு முழுவதையும் இப்படிச் சீவி எடுத்தார்கள். முகச் சுருக்கம் குறைந்தது. ஆனால் புண் ஆற நாளாயிற்று.

2004-ல் அமெரிக்காவில் மான்ஸ்டைன், ஆண்டர்சன் என்ற டாக்டர்கள் புதுவழி கூறினார்கள். ஒளியை நுண்ணிய புள்ளிகளாகப் பாய்ச்சுவதே அந்த வழி. புள்ளிக்குப் புள்ளி நடுவே தோல் பழுதாகாமல் இருக்கும். அதனால் புண் சீக்கிரம் ஆறும்.

பிறகு கரியமில வாயு லேசரும் இப்படியே பயன்பட்டது. தழும்பில் மெல்லிய துளைகள் விழுகின்றன. அவை ஆறும்போது, தோலுக்கு உறுதி தரும் நார் புதிதாக ஒழுங்காகப் படிகிறது. இறுக்கம் குறைகிறது.

மாயம் அல்ல!

தழும்பு அடியோடு மறைந்துவிடாது. இளகும். அதற்கும் பல தடவை சிகிச்சை தேவை. விரலை மடக்கி நீட்டும் பயிற்சியும் தேவை. மிகவும் இறுகிய விரலுக்கு ஆபரேஷனே செய்ய வேண்டியிருக்கும்.

நம்மவர் மாநிறத் தோல், ஒளி அளவு மீறினால் கறுத்துப் போகும். ஆகவே அழகு நிலையங்களை நம்பக்கூடாது. தோல் டாக்டரிடம் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம்தான் போக வேண்டும்.

தீப்பட்டால்...

தழும்பு பெரிதாகாமல் தடுக்க, முதல் வைத்தியம் வீட்டுக் குழாயிலேயே இருக்கிறது.

தீப்பட்ட உடனே அந்த இடத்தை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள்.

மை, மாவு, பற்பசை எதையும் தடவாதீர்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

சுத்தமான துணியால் மூடி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.