எந்தக் கலாசாலை, எதற்காக?

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருஷங்கள் எஞ்சினீயராக வேலை பார்த்த என் சகோதரியின் மகன், இன்று எல்லோரும் கன்சல்டிங் என்றே வழங்குகிற நிர்வாக ஆலோசனைத் தொழிலில் பிரவேசிக்க வேண்டுமென்றும், அதற்காக அயல்நாடு சென்று எம்.பி.ஏ. படிக்க வேண்டுமென்றும் தீர்மானித்து, சென்ற வருஷம் சித்திரை மாதத்து மாலையொன்றில், பத்துக் கலாசாலைகளின் பெயர்களைத் தரவரிசைப்படி எழுதிய காகிதத்தை என் முன்னால் வைத்து, "மாமா, இதில் எதெதற்குப் போடலாம்?" என்று கேட்டான். இத்தகைய விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிற எனக்கு அந்தக் காகிதம் புதிதன்று. சம்பளம், ஆராய்ச்சி, பரீட்சை மதிப்பெண் என்று பலவற்றையும் கலந்து பிறர் வகுத்த அந்த வரிசையில், ஒரே தொழிலின்மேல் நாட்டம் வைத்த ஒருவனுக்கு வேண்டிய விவரம் மட்டும் இருப்பதில்லை.

இந்தத் தொழிலுக்குக் கலாசாலை வாசலாக அமைந்ததே ஒரு சரித்திரம். சிகாகோ சர்வகலாசாலையில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மெக்கின்சி 1926-ல் தம் பெயரால் ஒரு ஸ்தாபனம் தொடங்கிய காலத்தில், முதலாளிகளுக்கு யோசனை சொல்ல வருபவர் தொழிலில் பழுத்த அனுபவஸ்தராக இருக்க வேண்டுமென்பதே பொது அபிப்பிராயம். ஹார்வர்டில் சட்டமும் வணிக நிர்வாகமும் பயின்று, 1933-ல் அந்த ஸ்தாபனத்தில் சேர்ந்த மார்வின் பவர், ஒரு பிரச்னையைப் பகுத்து ஆராயும் பயிற்சியே பிரதானம் என்று கருதியவர். அவருடைய தலைமையில்தான் 1950-களில் கலாசாலையை விட்டு வெளிவரும் இளைஞர்களை நேராக எடுத்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. 1963-ல் புரூஸ் ஹெண்டர்சனும் 1973-ல் பில் பெயினும் பாஸ்டனில் தொடங்கிய ஸ்தாபனங்களும் கலாசாலை வாசல்களையே நாடின.

ஆகவே, அந்த வாசலுக்கு யார் வருகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரிய கலாசாலைகள் வருஷந்தோறும் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையில், எத்தனை பேர் ஆலோசனைத் தொழிலுக்குப் போனார்கள், எந்த ஊர்களுக்குப் போனார்கள் என்பது கிடைக்கும். என் மருமகனைப் பத்து அறிக்கைகளையும் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொன்னேன். நியூ ஹாம்ப்ஷயரில் ஹானோவர் என்ற சிற்றூரில் 1900-ல் தோன்றிய டக் கலாசாலை, வகுப்புக்கு ஏறத்தாழ 300 பேரையே சேர்த்துக்கொண்டும் அவர்களில் கணிசமான பகுதியினரை இத்தொழிலுக்கு அனுப்புகிறதென்று கண்டபோது, அவனுடைய பட்டியலில் கீழே கிடந்த அந்தப் பெயர் மேலே ஏறியது. 900-க்கு மேற்பட்டவர்கள் பயிலும் ஹார்வர்ட் வகுப்பின் சிறப்பு வேறு. கூச்ச சுபாவமுள்ள இந்தப் பையன் எங்கே மலர்வான் என்பதையும் நான் யோசித்தேன்.

ஓராண்டா, இரண்டாண்டா என்ற கேள்வியில்தான் நாங்கள் வெகு நேரம் செலவிட்டோம். பிரான்ஸில் 1957-ல் நிறுவப்பட்ட இன்சியாட் பத்தே மாதங்களில் பட்டம் தருகிறது. 2001-ல் தொடங்கிய ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யும் ஓராண்டுப் படிப்பே. அமெரிக்காவில் இரண்டாண்டுப் படிப்புக்கு, சாப்பாடும் வாடகையும் சேர்த்தால், முன்னணிக் கலாசாலைகளில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஆகிவிடும். அத்தனை பணத்துக்குப் பிரதியாக அங்கே கிடைப்பது நடுவில் வரும் ஒரு கோடைக்காலம். ஆகஸ்டில் சேர்ந்தவனை இலையுதிர் காலத்திலேயே ஸ்தாபனங்கள் பார்க்க வருகின்றன. அடுத்த கோடையில் பத்து வாரம்போல வேலை செய்து காட்டியவனுக்கு, பெரும்பாலும் அப்போதே நிரந்தர உத்தியோகத்துக்கான அழைப்பும் வந்துவிடுகிறது. பழைய தொழிலை விட்டுப் புதிய தொழிலுக்குத் தாண்டுகிறவனுக்கு அந்தப் பத்து வாரம் எத்தனை அருமையானது என்பதைக் கடன் கணக்கோடு சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இத்தொழிலின் ஓரத்தில் இருப்பவனுக்கு ஓராண்டே போதுமென்பது என் அபிப்பிராயம்.

இரண்டாண்டுப் படிப்பில் இன்னொரு லாபமும் உண்டு. ஆலோசனை ஸ்தாபனங்களின் நேர்முகத் தேர்வில், "ஒரு சிமெண்ட் ஆலையின் லாபம் இரண்டு வருஷமாகக் குறைகிறது, காரணம் என்ன?" என்பதுபோல ஒரு கேள்வியை வைப்பார்கள். கேட்கப்பட்டவன் உடனே பேசாமல், ஒரு நிமிஷம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளைத்தாளின் நடுவே கோடு கிழித்து, வரவு ஒரு பக்கமும் செலவு ஒரு பக்கமுமாகப் பிரித்து, வரவை விலையென்றும் விற்ற அளவென்றும் மேலும் பிரித்து, எதிரிலிருப்பவரைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கிளையாகக் கழித்துக்கொண்டு, கணக்கையெல்லாம் மனத்திலேயே போட்டு வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எதிரே ஒருவர் உட்கார்ந்து மடக்காமல் இந்த அப்பியாசம் கைவராது. இரண்டாண்டுக் கலாசாலைகளில், கோடை வேலையை முடித்துத் திரும்பிய மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு எதிரே உட்காருகிறார்கள்.

கலாசாலையில் சேர எழுதும் ஜிமேட் பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 45 நிமிஷம் வீதம் மூன்று பகுதிகள்; 205 முதல் 805 வரை மதிப்பெண்; உழைத்தால் வரும். விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை அப்படியன்று. என் மருமகனின் முதல் படியில் 'தலைமைப் பண்பு' என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. அவன் எங்கேயும் இல்லை. பேச்சுவாக்கில்தான் அந்தச் சம்பவம் வெளிவந்தது: வார்த்தெடுத்த பம்ப் உடல்கள் லேத்துக்குப் போகாமல் முற்றத்தில் குவிந்து கிடக்க, எல்லோரும் லேத் பிரிவையே குறை சொல்ல, இவன் மூன்று நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அங்கேயே நின்று நேரம் குறித்து, பரிசோதகரின் சீட்டு மதியத்துக்குப் பிறகே வருவதால் காலைப் பொழுது முழுவதும் வீணாகிறதென்று கண்டுபிடித்திருக்கிறான். "இதைப் போய் எழுதுவதா மாமா?" என்றான். இதைத்தான் எழுத வேண்டுமென்றேன்.

சிபாரிசுக் கடிதம் ஒன்றே பாக்கி. அவனுடைய மேலதிகாரி, நம் ஊர் வழக்கப்படி, "நீயே எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றாராம். அதைக் கலாசாலைகள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் அது நேர்மையாகாது. மறு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டுப் புத்தகத்தையே அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அந்த மூன்று நாட்களை ஞாபகப்படுத்திவிட்டு வந்திருக்கிறான். அன்றிரவே உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, பதினொரு மணி வரையில் அவர் தாமே அந்தக் கடிதத்தை எழுதி முடித்தாரென்று பிறகு தெரிந்தது.