படிப்பு ஏறாத பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் பிள்ளைகளின் படிப்பு என்றால் எதையும் தாங்குவார்கள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலியிலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்டுகிற குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் நின்றால் என்ன செய்வது?

வீட்டில் பெரும்பாலும் இரண்டே காரணம் சொல்வார்கள். ஒன்று, "பையனுக்குக் கவனம் இல்லை." இதற்கு மருந்து அடிதான் என்று எண்ணுகிறார்கள். மற்றொன்று, "வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் இந்தி, போதாததற்கு மராத்தி. பாவம், குழந்தை குழம்பிப் போகிறது."

இந்த இரண்டாவது காரணம் சில பிள்ளைகளுக்கு உண்மை. வேறு சில பிள்ளைகளுக்கு அதுவே வினையாகிறது. காது மந்தமான குழந்தையும், எழுத்து கண்ணில் புரண்டு நிற்கும் குழந்தையும் "பாஷைக் குழப்பம்" என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன. மூன்று நான்கு வருஷம் வீணாகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த குழந்தையிடம் இந்தியில் கேள்வி கேட்டு, பதில் வரவில்லை என்றதும் "மந்தபுத்தி" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களுக்கே உரிய கஷ்டம் இது.

தமிழில் எப்படி?

இரண்டையும் பிரித்து அறியப் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளை தமிழில் எப்படி இருக்கிறது என்பதைத்தான். கேட்ட கதையைப் பாட்டியிடம் ஒழுங்காகத் திருப்பிச் சொல்கிறதா? கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருகிறதா? அப்படியானால் அறிவு வளர்ச்சியில் குறை என்று யார் சொன்னாலும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். தமிழிலும் பேச்சு பிந்தியிருந்தால் பாஷையின் மேல் பழி போடக் கூடாது. பல மொழிகள் காதில் விழுவதால் குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு வருவதில்லை.

அடுத்து காது. பாந்த்ராவில் 1983-ல் அமைந்த மத்திய அரசின் அலி யாவர் ஜங் நிலையத்தில் கேட்கும் திறனைச் சோதிக்கிறார்கள். பேச்சுப் பயிற்சியும் உண்டு. பள்ளிக்கூடத்தை மாற்றும் முன் செய்ய வேண்டிய காரியம் இது. பல வீடுகளில் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

எங்கே சோதித்தாலும் "வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

சயான் ஆஸ்பத்திரி

புத்தியில் குறைவில்லை, கண்ணும் காதும் சரி, ஆனாலும் வாசிப்பும் கணக்கும் மட்டும் வரவில்லை என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். டிஸ்லெக்சியா என்பது இதில் ஒரு வகை. பொதுவாக மூன்றாம் வகுப்பு, எட்டு வயது வாக்கில்தான் இதை உறுதியாகச் சொல்ல முடியும். தாராவிக்குப் பக்கத்திலேயே உள்ள மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இத்தகைய மாணவர்களுக்கு மகாராஷ்டிர அரசு 1996-ல் சலுகைகள் அறிவித்தது. பரீட்சையில் கூடுதல் நேரம், எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்காமை, ஒரு மொழிப் பாடத்தை விட்டுவிட அனுமதி போன்றவை அவற்றில் சில. நாலு பாஷைகளோடு மல்லுக்கட்டும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பாஷை குறைவது சாதாரண விஷயமா? ஆனால் சான்றிதழ் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியுடையதாக இருக்க வேண்டும். தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கொட்டும் முன், அவர்கள் தரும் காகிதம் பரீட்சை போர்டில் செல்லுமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

தனிப் பள்ளிகள்

சாதாரணப் பள்ளியில் சமாளிக்க முடியாத பிள்ளைகளுக்கென்று இந்த நகரில் பழைய பள்ளிகள் உண்டு. தாதரில் பார்வையற்ற சிறுமிகளுக்கான பள்ளி 1900-ல் தொடங்கியது. சிவ்ரியில் இருக்கும் ஜெய் வக்கீல் பள்ளி, மனவளர்ச்சி குறைந்த தங்கள் மகளுக்காக ஒரு பார்சி தம்பதி 1944-ல் வீட்டிலேயே ஆரம்பித்தது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக மிது ஆலூர் 1972-ல் கொலாபாவில் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி இன்று அடாப்ட் என்ற பெயரில் இயங்குகிறது. அவருடைய மகளுக்கும் அதே பாதிப்பு இருந்தது. மகளுக்கு வழி தேடிய பெற்றோர் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வழி செய்தார்கள்.

இப்போது புறநகர்களிலும் சிறு சிறு தனியார் நிலையங்கள் வந்துவிட்டன. நல்லவையும் உண்டு, போர்டு மட்டும் பெரிதாக உள்ளவையும் உண்டு. ஆசிரியை இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா, ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள், வகுப்பில் எந்த மொழி, தாய் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடம் வேண்டவே வேண்டாம். "ஆறு மாதத்தில் ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம்" என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. அதைப் போக்கும் மருந்து கிடையாது, பயிற்சிதான் உண்டு.

பணம் மட்டுமல்ல, தூரமும் தொல்லை. டோம்பிவிலியிலிருந்து சிவ்ரிக்குத் தினமும் குழந்தையோடு போய்வரும் தாய் வேலைக்குப் போக முடியாது. லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. மனவளர்ச்சி குறைந்த பிள்ளைக்கும் கூடப் போகிறவருக்கும் சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. மத்திய அரசு ஊழியரானால், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் கல்விப் படி இரட்டிப்பு. ஆபீசில் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அக்கம்பக்கப் பள்ளியா, தனிப் பள்ளியா என்பதைக் குடும்பமே தேர்ந்துகொள்ளலாம்.

ஊருக்கு அனுப்பலாமா?

பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடுவது பல குடும்பங்கள் கண்ட முடிவு. பயிற்சிக்காக அனுப்பினால் அதில் நியாயம் இருக்கிறது. நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் நூறாண்டுக்கு மேலாக இருப்பது தெரிந்ததே. தமிழிலேயே கற்கலாம். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அனுப்பினால் பிள்ளை திண்ணையிலேயே வளரும்.

பள்ளி வயதைத் தவறவிட்டவர்களுக்கும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குள், ஒன்பது பரீட்சைகளில், ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். மொழிப் பாடமாகத் தமிழை எடுத்துக்கொள்ளலாம்.