பெர்ன்ஹில்லில் சிறு வீடு வாங்க நினைக்கும் வணிக அன்பர்களுக்கு

நமது சங்கத்தில் என் வயதை ஒத்தவர்கள் பலர், கடைப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஊட்டிப் பக்கம் ஒரு சிறு வீடு வாங்கிக் குடியேறலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் நாற்பது ஆண்டுகளாக உருளைக்கிழங்கு மண்டி நடத்துபவன், மலைக்கு வாரம் தவறாமல் ஏறி இறங்கியவன், பெர்ன்ஹில்லில் வீடும் வாங்கியவன் என்பதால் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று செயலாளர் கூறினார். பங்களா வாங்கும் வசதி உள்ளவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டு இரண்டு அறை வீடு பார்ப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெர்ன்ஹில் என்றதும் மைசூர் மகாராஜாவின் அரண்மனைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1908-ல் ஊட்டி வரை நீட்டிக்கப்பட்ட மலை ரயில், லவ்டேலைத் தாண்டி இந்த வழியாகத்தான் ஊட்டிக்கு இறங்குகிறது. கடைவீதிக்கு அருகில் இருக்கிறது, ஆனால் அந்த இரைச்சல் இல்லை. ஆகையால் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. எனக்கும் பிடித்தது, அதில்தான் முதலில் ஏமாந்தேன்.

2016 மே மாதம். கீழே வெயில் கொளுத்துகிறது, மேலே கம்பளிச் சட்டை போடும் குளிர். தரகர் காட்டிய வீடு மூன்று சென்ட் இடத்தில், தகரக் கூரை, மரத்தளம், முன்னால் ரோஜாச் செடி என்று அழகாக இருந்தது. சுற்றுப்புற விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் சொன்னார்கள். மண்டியில் ஒருவன் நல்ல சரக்கை மூன்றில் இரண்டு பங்கு விலைக்குக் கொடுத்தால் நாம் முதலில் மூட்டையின் அடியைத்தான் கை விட்டுப் பார்ப்போம். அந்தப் புத்தி அன்று எனக்கு வரவில்லை. வரி ரசீதையும் மின் கட்டண அட்டையையும் காட்டினார்கள். இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ஆடி மாதத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று பிடிவாதம் பிடித்தவர் என் துணைவியார். தென்மேற்குப் பருவமழை நான்கு நாளாக விடவில்லை. வீட்டின் பின்சுவர் மலையை வெட்டிய மண்ணோடு ஒட்டியிருந்தது. சுவர் நெடுகத் தண்ணீர் கசிந்து மரத்தளத்தின் கீழே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பூசண வாடை. மே மாதத்தில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. பிறகு பத்திரங்களைத் துருவினால், நிலம் விற்பவரின் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. வாரிசுகள் ஐந்து பேர், அதில் இருவருக்கு விற்க இஷ்டமில்லை. முன்பணத்துக்காகப் பதினான்கு மாதம் நடந்தேன். ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்தது, மீதி வரவில்லை. சீசன் நேரத்தில் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது. அந்த ஆண்டு வட்டிக்கு வாங்கித்தான் மண்டியை ஓட்டினேன்.

வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. யார் வரி கட்டினாலும் நகராட்சி ரசீது கொடுக்கும். தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட நகல், நகர எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வாரிசுகள் இருந்தால் எல்லோருடைய கையொப்பம் ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். பட்டாவில் நில வகைப்பாடு என்ன என்று படியுங்கள். அரசு இலவசமாக ஒப்படை செய்த மனைக்கு நிபந்தனைகள் உண்டு. ஆதிதிராவிடர்களுக்கு ஒப்படை செய்த பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னும் மலிவு என்று யாராவது அழைத்துப் போனால், 1969-ம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் அடங்கிய நிலமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும் மனையும் இப்படித்தான். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

நிலம் சரி என்றால் அடுத்தது கட்டடம். மலைப்பகுதிப் பாதுகாப்புக்காக 1990-ல் தனி அமைப்பு ஏற்பட்டது; 1993-ல் மலை நகரங்களுக்கென்று கட்டட விதிகள் வந்தன. ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட முடியாது. ஆகவே 'இப்போது சிறியதாக வாங்குங்கள், பிறகு மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்ளலாம்' என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் இல்லாத அறைக்கும் விலை கேட்பார்கள். பின்புறத்து மேட்டை வெட்டிச் சமப்படுத்த வேண்டுமென்றால் பொக்லைன் கொண்டுவரவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

இந்தக் கெடுபிடி வீண் என்று நம்மில் சிலர் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே சாலை அடித்துச் செல்லப்பட்டதையும், காய்கறி லாரிகள் மேலேயே முடங்கியதையும் மேட்டுப்பாளையத்துக்காரர்கள் மறக்க மாட்டோம். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைகள் உண்டா என்று பாருங்கள். அந்தத் துளைகள் இல்லாத சுவர் ஒருநாள் சாயும். புதிதாகக் கட்ட வேண்டுமென்றால், மணலும் சிமெண்டும் கீழிருந்து ஏறி வர வேண்டும். சிறு வீட்டுக்குத் தடுப்புச் சுவர்ச் செலவு பாதி வீட்டு விலைக்கு வந்துவிடும்.

வீட்டைச் சீசனில் வாடகைக்கு விட்டு வட்டியை எடுத்துவிடலாம் என்பது வியாபாரிக்கு இயல்பாக வரும் கணக்கு. நானும் போட்டேன். குடியிருப்புக்கு அனுமதி பெற்ற வீட்டைப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அது வேறு உபயோகம். உரிமம் இல்லாமல் நடத்தினால் சீல் வைக்கிறார்கள். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் சீல் வைக்கச் சொன்னதும், 2020 அக்டோபரில் வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்பு வந்ததும் எல்லோரும் அறிந்ததே. ஆகவே வாடகை வரவை எண்ணி விலை பேச வேண்டாம்.

பதிவுச் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-ல் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்தால் 9 ஆகிறது. அந்த ஆண்டே வழிகாட்டி மதிப்பு உயர்ந்ததால் சேமிப்பு ஒன்றும் கைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

உடல்நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழாயிரம் அடிக்கு மேல் உள்ள ஊர் இது. ஆஸ்துமா, மூட்டு வலி உள்ளவர்கள் மார்கழி, தை உறைபனியில் ஒரு மாதம் வாடகை வீட்டில் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்துவிட்டது. அதற்கு முன் பெரிய நோய்க்கெல்லாம் கோவைக்குத்தான் ஓட வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்து, ஒரு ஐப்பசி அடைமழையில் பார்த்து நாங்கள் வாங்கிய வீடு 620 சதுர அடி. சாலையிலிருந்து பன்னிரண்டு படி ஏற வேண்டும், ரோஜாச் செடி கிடையாது, பின்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் நடக்கும் இடைவெளியும் வாய்க்காலும் உண்டு. கோடையில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும் என்பதால் இரண்டாயிரம் லிட்டர் தொட்டி வைத்தோம். இரவில் காட்டெருமை வாசல்வரை வரும். இருட்டிய பின் துணைவியார் கதவைத் திறக்க விடுவதில்லை. 2024 மே 7-ல் இ-பாஸ் முறை வந்தபோது நீலகிரிப் பதிவு எண் வண்டிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். என் வண்டி டி.என். 40, மேட்டுப்பாளையம். சொந்த வீட்டுக்குப் போக மகனிடம் கைபேசியைக் கொடுத்துப் பாஸ் எடுத்துத் தரச் சொன்னேன்.