கோப்பில் இல்லாத 40 லட்சம் பைட்

சி மொழி படிக்கிற அக்காவோ அண்ணனோ வீட்டில் இருந்தால், இந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். நிரலின் தொடக்கத்தில், எந்தச் செயற்கூறுக்குள்ளும் வைக்காமல், 10 லட்சம் முழு எண்கள் கொள்ளும் ஒரு வரிசையை அறிவிக்க வேண்டும். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் மொத்தம் 40 லட்சம் பைட். கம்பைல் செய்து, உருவான கோப்பின் அளவைப் பாருங்கள். 40 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது.

இப்போது அறிவிக்கும்போதே முதல் எண்ணுக்கு மட்டும் 1 என்று மதிப்புக் கொடுத்து, மறுபடி கம்பைல் செய்யுங்கள். கோப்பு சட்டென்று 40 லட்சம் பைட் பெருத்துவிடும்! மாற்றியது ஒரே ஓர் எண்தானே?

இயங்கு கோப்புக்குள் பல பகுதிகள் உண்டு. கட்டளைகளுக்கு ஒன்று, தொடக்க மதிப்புள்ள தரவுகளுக்கு ஒன்று. தொடக்கத்தில் வெறும் பூஜ்யமாக இருக்க வேண்டியவற்றுக்கு 'பி.எஸ்.எஸ்' என்று ஒன்று. பந்திக்கு 200 இலை வேண்டுமென்றால் கடைக்காரருக்குச் சீட்டில் அந்த எண்ணை எழுதினால் போதுமல்லவா? பி.எஸ்.எஸ் பகுதியும் அப்படித்தான். 'இத்தனை பைட் பூஜ்யம் தேவை' என்ற குறிப்பு மட்டும் கோப்பில் இருக்கும். முதல் எண் 1 ஆனதும் வரிசை முழுவதும் தரவுப் பகுதிக்குப் போய்விடுகிறது. அங்கே ஒவ்வொரு பைட்டையும் எழுதியே ஆகவேண்டும்.

அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு அளவுகள்: கோப்பில் எவ்வளவு, நினைவகத்தில் எவ்வளவு. இரண்டையும் ஒரு குறிப்பிட்ட எண்ணின் மடங்காக உயர்த்தும் வழக்கமும் உண்டு. விண்டோஸில் பொதுவாகக் கோப்பில் 512-இன் மடங்காகவும், நினைவகத்தில் 4096-இன் மடங்காகவும் இடம் ஒதுக்குவார்கள். 5000 பைட் கட்டளைகள் கோப்பில் 5120 பைட் இடத்தையும், நினைவகத்தில் 8192 பைட் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

512 என்பது பழைய வட்டுகளில் ஒரு துண்டின் அளவு. 4096 என்பது நினைவகத்தின் ஒரு 'பக்கம்'. 'இதில் எழுதலாம்', 'இதைப் படித்து இயக்க மட்டும் செய்யலாம்' என்ற அனுமதியைச் செயலி பக்கம் பக்கமாகத்தான் சரிபார்க்கும். கட்டளையும் தரவும் ஒரே பக்கத்தில் கலந்துவிட்டால் இந்தக் காவல் குலைந்துவிடும். அதற்காகச் சில ஆயிரம் பைட் காலியாகக் கிடப்பது எனக்கு வீணாகத் தோன்றவில்லை.

பி.எஸ்.எஸ் கேட்கும் பூஜ்யங்களை நிரப்பித் தருவது இயங்குதளத்தின் வேலை. அதற்காகத் தரும் பக்கத்தைச் சற்றுமுன் வேறொரு நிரல் பயன்படுத்தியிருக்கலாம். அதில் யாருடைய கடவுச்சொல்லாவது மிச்சம் இருக்கலாம். அதைத் துடைக்காமல் அடுத்த நிரலிடம் கொடுக்கவே கூடாது.

சரி, நிரல் ஓடத் தொடங்கியதும் 40 லட்சம் பைட்டும் வந்துவிடுமா? அதுவும் இல்லை! லினக்ஸில், நிரல் ஒரு பக்கத்தில் முதன்முதலாக எழுத முயலும்போதுதான் செயலி நிரலை ஒரு கணம் நிறுத்தும். இயங்குதளம் துடைத்த பக்கம் ஒன்றைக் கொடுத்த பிறகு, நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். வரிசைக்கு வேண்டியவை கிட்டத்தட்ட 977 பக்கங்கள். அதில் ஒரே ஓர் எண்ணை மட்டும் நிரல் எழுதினால், வரிசைக்காக அதற்குப் பொதுவாகக் கிடைப்பது ஒரு பக்கம்தான்.