ஒரிஜினல் சிடி நனைந்த பிறகு...

2007 மார்ச்சில் மலேசியாவுக்கு இரண்டு நாய்கள் வந்து இறங்கின. பெயர் லக்கி, ஃப்ளோ. கறுப்பு லாப்ரடார்கள். சிடி, டிவிடி செய்யப் பயன்படும் பாலிகார்பனேட்டின் வாடையை மோந்து பிடிக்கப் பழக்கப்பட்டவை. வந்த வேகத்திலேயே ஜொகூர் பாருவில் லட்சக்கணக்கான வட்டுகளைக் காட்டிக்கொடுத்தன. ‘செத்தாக் ரொம்பாக்’ எனப்படும் திருட்டு நகல் கும்பல்கள் அவற்றின் தலைக்கு விலை வைத்திருப்பதாகக்கூடப் பத்திரிகைகள் எழுதின. ஒன்றே ஒன்றுதான் அந்த மூக்குகளுக்கு எட்டவில்லை. பெட்டிக்குள் இருப்பது திருட்டுச் சிடியா, கடையில் காசு கொடுத்து வாங்கியதா, வாங்கியவரே பத்திரத்துக்கு எடுத்துவைத்த நகலா? மூன்றுக்கும் வாடை ஒன்றுதான்.

நம்மவர்கள் பலருக்கும் இந்த வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை. கோலாலம்பூரின் இம்பி சாலைப் பக்கம் போனால் சில ரிங்கிட்டுக்கு உலகத்து மென்பொருளெல்லாம் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. பிறகு சோதனைகள் வந்தன, 2000ஆம் ஆண்டின் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. மிஞ்சியது பயம். மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய சிடியைக் கண்டாலே குற்றம் என்று நினைக்கிறோம். திருட்டுச் சிடி விற்றவன் பயப்படவில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரிஜினல் வாங்கிய அச்சகக்காரர்தான் பயந்துபோய் நகலே எடுக்காமல் இருக்கிறார்.

சட்டம் அவர் பக்கம்தான் நிற்கிறது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 40ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. மென்பொருளின் மூலப்பிரதிக்கு உரிமையாளராக இருப்பவர் அதை நகலெடுக்கலாம். மூலப்பிரதி தொலைந்தாலோ, அழிந்தாலோ, பயன்படாமல் போனாலோ அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள மட்டும். உரிமையாளரின் சார்பில் வேறொருவர் எடுத்துக்கொடுத்தாலும் செல்லும். ஆகவே பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுதுபார்க்கும் தம்பியிடம் உங்கள் ஒரிஜினலைக் கொடுத்து ஒரு காப்பி அடித்து வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. தம்பி தனக்கென்று இன்னொன்றை அடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த வாடிக்கையாளரின் கணினியில் ஏற்றினால் அது வேறு கதை. திருட்டுச் சிடியிலிருந்து எடுத்த நகலுக்கும் இந்தப் பிரிவு குடை பிடிக்காது.

நகலை விற்கவும் முடியாது. லாட்வியாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2016 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரிஜினல் வட்டு கெட்டுப்போயிருந்தாலும், உரிமைதாரரின் அனுமதி இல்லாமல் அதன் பாதுகாப்பு நகலை இன்னொருவருக்கு விற்கக் கூடாது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. ஆனாலும் நம் 40ஆவது பிரிவை எப்படித் திருப்பிப் படித்தாலும் விற்பனைக்கு அதில் இடம் இல்லை.

சரி, இத்தனை பாடுபட்டு எதற்கு நகல்? நம் ஊர் வானிலையைக் கேட்டால் சொல்லும். சிடியில் தகவல் பதிந்த படலம் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மேல்பக்கத்து அச்சுக்குக் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே போதும், கதை முடிந்தது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் பூச்சு உரியும். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில், ஏறத்தாழ நம்முடையதைப் போன்ற புழுக்கத்தில், பூஞ்சை சிடியைத் தின்றுவிட்டது என்று 2001இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கிள்ளானில் அலமாரியைத் திறந்தால் வரும் மக்கல் வாடையை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அப்புறம் வெள்ளம். 2021 டிசம்பர் 18ஐ ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா பக்கம் யாரும் மறக்கவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இடங்களில் தண்ணீர் கூரை வரை ஏறியது. ஒரிஜினலும் நகலும் ஒரே அலமாரியின் ஒரே தட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் சேற்றில் போகும். நகல் வேறு வீட்டில், வேறு ஊரில் இருக்க வேண்டும். சேற்றில் கிடந்த ஒரிஜினலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுவிக் காயவைத்து, ரசீதோடும் சீரியல் நம்பர் ஒட்டிய அட்டையோடும் வைத்திருங்கள். ஒரே சிடிக்கு மூன்று திருட்டு நகல்கள் கையில் இருந்தாலே அவை சொந்த உபயோகத்துக்கு அல்ல என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். மறுத்து நிரூபிப்பது உங்கள் பாடு. நகல் ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை என்றெல்லாம் இருக்கிறது. உங்கள் நகல் திருட்டு நகல் அல்ல என்று காட்ட அந்த நனைந்த ஒரிஜினல்தான் சாட்சி.

இதெல்லாம் ஆங்கில மென்பொருளுக்கும் பொருந்தும். என் கவலை வேறு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழில் அச்சடித்துத் தந்த சின்னச் சின்ன அச்சகங்களின் கணினிகளில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளியின் பொன்விழா மலர், திருமண அழைப்பிதழ், கருமக்கிரியை அட்டை. முப்பது நாற்பது ஆண்டுத் தோட்ட வாழ்க்கையும் அது கலைந்த பிறகான நகர வாழ்க்கையும் அந்தக் கோப்புகளில்தான் கிடக்கின்றன. 1985இலேயே ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நாடு இது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். முன்னோடிகள் யூனிகோடுக்கு மாறிப் பல காலம் ஆகிறது. அச்சகங்கள் மாறவில்லை. பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவும் ஏற்றிய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் வேலை ஓடிக்கொண்டே இருந்தது. அந்த எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றது.

பழைய எழுத்துருக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறியீட்டு முறை. டிஸ்கி, டாப், டாம் என்று தரப்படுத்தப்பட்டவை ஒருபுறம். விற்றவர் தம் இஷ்டத்துக்கு வகுத்தவை இன்னொரு புறம். ஹார்டு டிஸ்க் படுத்து, நிறுவும் சிடியும் படிக்காமல் போனால், கோப்பைத் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக பவுண்டு, யென் குறிகளும் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும்தான் நிற்கும். தரப்படுத்திய குறியீடுகளுக்கு மாற்றிகள் கிடைக்கின்றன. விற்றவரே கடையைக் கட்டிவிட்ட எழுத்துருவுக்கு அந்த ஒற்றைச் சிடிதான் சாவி.

இந்த இடத்தில்தான் நம் சட்டத்தின் ஓட்டை எனக்கு உறுத்துகிறது. நகலெடுக்கக் கூடாது என்று விற்பவர் வெளிப்படையாக, நீங்கள் வாங்கும் நேரத்துக்குள் சொல்லிவிட்டால் 40ஆவது பிரிவின் உரிமை போய்விடும். வாங்கும் நேரத்துக்குள் என்றால் எப்போது? நிபந்தனைத் தாள் பெட்டிக்குள் இருக்கிறது. காசு கொடுத்த பிறகுதான் பெட்டியே திறக்கிறது. ஐரோப்பாவில் 1991இலேயே இதைத் தீர்த்துவிட்டார்கள். மென்பொருளைப் பயன்படுத்தத் தேவையான பாதுகாப்பு நகலை எந்த ஒப்பந்தமும் தடுக்க முடியாது. இந்தியச் சட்டமும் இழப்பு, அழிவு, சேதத்துக்கு எதிரான நகலை வெளிப்படையாக அனுமதிக்கிறது. நம்மிடமோ, 2012இல் வந்த திருத்தம் மின்னணுப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கியது. பாதுகாப்பு நகலுக்கென்று அதில் தனி விலக்கு இல்லை. நகலெடுக்கும் உரிமையை ஒரு பிரிவில் கொடுத்துவிட்டு, பூட்டிய சிடியாக இருந்தால் கைவைக்காதே என்று இன்னொரு பிரிவில் சொல்வது சரியான ஏற்பாடு அல்ல.

விட்டுக்கொடுத்தால் திருடர்கள் நுழைவார்கள், தமிழ் மென்பொருள் எழுதியவர்களின் வயிற்றில் அடித்தது திருட்டு நகல்தான் என்று ஒரு வாதம் உண்டு. அது நியாயமானதுதான். ஆனால் திருடுகிறவன் 40ஆவது பிரிவைப் படித்துவிட்டுத் திருடுவதில்லை.

சட்டம் திருந்தும்வரை சிடி காத்திருக்காது. கோயில் நிர்வாகங்களும் பள்ளி வாரியங்களும் ஒரு காரியம் செய்யலாம். அச்சகத்திடம் எழுத்துருச் சிடியின் நகலைக் கேட்காதீர்கள். அதற்கு நீங்கள் உரிமையாளர் அல்ல, அவர் கொடுத்தால் அவருக்குத்தான் வம்பு. மலரின் எழுத்தை யூனிகோடில் மாற்றி ஒரு கோப்பு, அச்சுக்குப் போன பக்கங்களின் பிடிஎஃப் ஒன்று, இவ்விரண்டையும் கேளுங்கள். பழைய மலர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். தட்டச்சு செய்தவருக்கு அந்த வேலைக்கான கூலியையும் கொடுங்கள்.