மூளைக்குள் ஒரு நெற்குதிர்

தேர்வு என்றதும் நமக்கு நெஞ்சு படபடக்கிறது. அப்போது மூளைக்குள் என்ன நிகழ்கிறது?

நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயினும் உடல் செலவிடும் சக்தியில் 20 சதவீதம் அதற்கே வேண்டும். நரம்பணுக்களுக்குத் துணையாக ஆஸ்ட்ரோசைட் என்னும் நட்சத்திர வடிவ அணுக்கள் உள்ளன. புதுக்கோட்டைச் சீமையில் நம் பாட்டிமார் நெல்லைக் குதிரில் சேர்த்ததுபோல், இவை சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன.

பதற்றம் வந்ததும், மூளைத்தண்டிலிருந்து செல்லும் நரம்புகள் நார்அட்ரீனலினைச் சுரக்கின்றன. அது துணையணுக்களைத் தட்டி எழுப்ப, கிளைக்கோஜன் உடைந்து லாக்டேட் உண்டாகிறது. இதுவே நரம்பணுக்களுக்கு அவசர உணவாகிறது என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து. கிளைக்கோஜன் மாறும் வழியைக் கண்டறிந்ததற்காக, 1947இல் கெர்ட்டி கோரி அம்மையார் தம் கணவரோடு நோபல் பரிசில் பங்கு பெற்றார். மருத்துவத்திற்கான அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே!

2011இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் மூளையில் கிளைக்கோஜன் உடைவதைத் தடுத்தபோது, கற்றது நெடுநாள் நினைவில் நிற்கவில்லை.

எனவே சிறு பதற்றம் நமக்குப் பகையன்று. ஆனால் குதிர் மிகச் சிறியது. இரத்தத்தில் வரும் சர்க்கரையே மூளையின் அன்றாட உணவு. ஆகவே தோழியரே, காலை உணவைத் தவிர்க்காதீர்! பெற்றோரே, மிரட்டலைக் குறைத்து, இன்னும் ஓர் இட்லி வையுங்கள்! இறைவன் தந்த குதிரை நாம் நிரப்பி வைப்போம்.