இடம் மாறும் முட்டைகள்

மலாக்கா மாநிலத்தின் மஸ்ஜிட் தானா பட்டணத்திற்கு அருகில் பெங்காலான் பாலாக் கடற்கரை உள்ளது. பள்ளி விடுமுறைகளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்குக் குளிக்க வருவதுண்டு. இரவில் கூட்டம் கலைந்த பிறகு, இதே வட்டாரக் கடற்கரைகளுக்கு வேறொரு விருந்தாளி வருகிறது. அதுதான் அழுங்காமை.

பருந்தின் அலகைப் போல் வளைந்த கூரிய வாயைக் கொண்டது இக்கடலாமை. மலாய் மொழியில் இதனைப் ‘பென்யூ காரா’ என்பர். இதன் அழகிய ஓட்டைக் கொண்டு சீப்பும் நகைப்பெட்டியும் செய்தார்கள். அதனாலேயே இது உலகெங்கும் வேட்டையாடப்பட்டது. 1996ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை அதிகமாக முட்டையிடும் மாநிலம் மலாக்காதான். கெம் தெரெண்டாக் இராணுவ முகாமின் கடற்கரையும் அவ்விடங்களுள் ஒன்று. வெளியாட்கள் எளிதில் நுழைய முடியாத இடம் என்பது ஆமைக்கு வசதியாகிவிட்டது போலும்!

மற்றக் கடற்கரைகளில் அந்த அமைதி இல்லை. தங்கும் விடுதிகள் பெருகின; விளக்குகள் பெருகின. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, இரவில் வெளிச்சமான திசையையே கடல் என்று நம்பி நகரும். விடுதியின் விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால், அது சாலையை நோக்கித்தான் போகும். முட்டைகளைத் தோண்டித் தின்னும் உடும்பும் நாயும் ஒரு புறம். உண்பதற்காக எடுத்துச் செல்லும் மனிதர்கள் மறுபுறம். ஆகவே, முட்டைகளைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றும் பணி தொடங்கியது. பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறை நடத்தும் ஆமைப் பாதுகாப்பு மையத்தில் இதற்கென்றே ஒரு குஞ்சு பொரிப்பகம் உள்ளது.

முட்டைகளை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டு வருவது எளிது என்று தோன்றலாம். ஆனால், கோழி முட்டையைப் போல் இதனைக் கையாள முடியாது. முட்டையிட்ட சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் கரு, ஓட்டின் மேற்பகுதியில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதன் பிறகு முட்டை புரண்டால் கரு இறந்துவிடும். எனவே, இரண்டு மூன்று மணி நேரத்திற்குள், குலுக்காமல், புரட்டாமல் அதனைக் கொண்டு சேர்க்க வேண்டும். தாய் ஆமை தோண்டிய அதே ஆழத்தில், அதே வடிவில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஒரு கூட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கலாம். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அவை பொரியும்.

இன்னொரு வியப்பும் உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகும். குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். எனவே, பொரிப்பகத்திற்கு எவ்வளவு நிழல் தேவை என்பதும் கவனத்திற்குரியதாகிறது.

உயிரினங்களை இடம் மாற்றிக் காப்பது மலாக்காவில் மட்டும் நடப்பதன்று. இங்கிலாந்தில் கொண்டை நியூட் என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. பல்லியின் உருவமும் தவளையின் ஈரத் தோலும் கொண்ட அது, குளங்களில் முட்டையிடும். 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் காக்கிறது. அது வாழும் நிலத்தில் வீடு கட்ட விரும்புவோர், முதலில் அதற்குரிய உரிமம் பெற வேண்டும். பல வேளைகளில் புதிய குளம் வெட்டி, நிலத்தைச் சுற்றித் தாழ்வான வேலியிட்டு, நியூட்டுகளைப் பிடித்து அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள்.

குளத்தை வெட்டிவிடலாம், கடற்கரையை எங்கே வெட்டுவது? இதுதான் மலாக்காவின் சிக்கல். இன்று கடைகள் நிறைந்திருக்கும் மலாக்கா ராயா ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அதன் பின்னரும் கரையோரக் கடல் பல இடங்களில் மண் கொட்டித் தூர்க்கப்பட்டுள்ளது. கிளேபாங் கரைக்கு அப்பால் உப்பே என்னும் சிறு தீவு இருக்கிறது. முன்பு அழுங்காமைகள் மிகுதியாக முட்டையிட்ட இடம் அது. அருகிலுள்ள கடலைத் தூர்த்ததால் நீரோட்டம் மாறித் தீவின் மணல் அரிக்கப்பட்டது என்பது பாதுகாவலர்களின் கருத்து. அத்தீவுக்கு வரும் ஆமைகள் மிகவும் குறைந்துவிட்டன. கூடு இருந்தால்தான் முட்டைகளை எடுத்து மாற்ற முடியும். மணலே இல்லாத கரையில் தாய் ஆமை ஏறி வந்தாலும், குழி தோண்ட இடமின்றித் திரும்பிவிடும்.

பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளை மணலில் விட்டு, தாமாகவே கடலுக்கு ஊர்ந்து போகச் செய்கிறார்கள். அவற்றுள் தப்பிப் பிழைக்கும் பெண் ஆமை, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தான் பிறந்த வட்டாரத்தைத் தேடியே முட்டையிட வரும்.